மூடியில் சுற்றிய கம்பி

கஜா புயலில் எங்கள் கொல்லையில் நின்ற தென்னை அத்தனையும் சாய்ந்துபோனது. அதற்குப் பிறகு நட்ட கன்றுகள் முதல் பாளை விட்ட வருஷம்தான் நான் சொல்லப்போவது நடந்தது. தேதி சொல்ல எனக்கு வராது. பாளை விட்டிருக்கிறது என்று என் சம்சாரம் போனில் சொன்ன அன்றைக்கு, நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் இரண்டும் சேர்ந்தே ஞாபகம் இருக்கிறது.

என் பெயர் கருப்பையா. ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். புதுக்கோட்டை போய் அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறிப்போகிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டில் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து ஏறுவேன், அவ்வளவுதான். இதை நான் போனில் பேசி அனுப்புகிறேன். தேன்மொழி கேட்டு எழுதுகிறது. தேன்மொழி அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ். போன வாரம் கூப்பிட்டு, "அண்ணே, தியேட்டருக்குப் புதுசா ஆளுங்க எடுத்திருக்காங்க. ஆபரேஷன்ல எடுத்த துண்டை நீங்க கொண்டு போற முறையை ஒருதரம் சொல்லுங்க. எழுதி வாசிச்சுக் காட்டுறேன்" என்றது. முறையைச் சொல்ல அஞ்சு நிமிஷம் போதும். ஆனால் அந்த முறை எப்படி வந்தது என்று சொல்லாமல் சொன்னால் யார் காதிலும் நிற்காது. எனக்கும் இதை ஒருதரம் இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ரொம்ப நாளாகச் சுமக்கிறேன், அசதியாக இருக்கிறது.

நான் முதலில் கக்கூஸ் கழுவத்தான் சேர்ந்தேன். அப்புறம் ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். நாலு சக்கரத்தில் ஒன்று கோணல் இல்லாத ஸ்ட்ரெச்சரை இதுவரை நான் பார்த்ததில்லை. எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் தியேட்டருக்குள் போட்டார்கள். உடம்பிலிருந்து எடுத்த துண்டை டாக்டர் கிட்னி ட்ரே என்கிற வளைந்த தட்டில் போடுவார். அதை எடுத்து பார்மலின் பாட்டிலில் போட்டு, மூடி, லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். பார்மலின் என்பது துண்டு அழுகாமல் வைக்கிற தண்ணீர். கண்ணில் பட்டால் எரியும், மூக்கைக் குத்தும். முப்பது வருஷம் அதே வேலை. குடல், மார்பு, கர்ப்பப்பை, மூளை, எது வந்தாலும் அதே பாட்டில்தான். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் என் கை அதைச் செய்யும்.

மூளை ஆபரேஷனுக்குப் பெரிய டாக்டர் ஒரு அம்மா. நாங்கள் சீஃப் மேடம் என்போம். கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் ஏறும். அந்த அம்மாவுக்குக் குரல் இறங்கும். ரொம்ப மெதுவாகப் பேச ஆரம்பித்தால் தியேட்டரில் எல்லோரும் தங்கள் கையில் இருக்கிறதை ஒருதரம் சரிபார்த்துக்கொள்வார்கள். கத்தியை வாங்குவதற்கு முன்னால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு, படுத்திருக்கிறவர் பெயர், ஊர், என்ன தொழில் என்று சத்தமாகச் சொல்லும். பெயரும் எந்தப் பக்கம் ஆபரேஷன் என்பதும் சொல்வது எல்லா இடத்திலும் உண்டு. தொழில் சொல்வதை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. ஒருதரம் மயக்க டாக்டர் கேட்டார், "தொழில் எதுக்கு மேடம்?" மேடம் சொன்னது: "எந்தக் கை வேணும், பேச்சு வேணுமா, கண்ணு வேணுமான்னு எனக்குத் தெரியணும்ல."

அந்த வருஷம் புது ஆராய்ச்சி ஒன்று ஆரம்பித்தார்கள். மூளையில் புற்றுக்கட்டி வந்து, எடுத்து, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து, மாத்திரை கொடுத்து, அதற்குப் பிறகும் திரும்ப வந்தவர்களுக்கு. அவர்களுக்குச் செய்ய அதிகம் கிடையாது. நம் உடம்பிலேயே காவல்காரர்கள் இருக்கிறார்களாம். கட்டி அவர்களை ஏமாற்றி நிறுத்திவைக்கிறதாம், பிரேக் போட்ட மாதிரி. இரண்டு மருந்தைச் சேர்த்து டிரிப்பில் ஏற்றினால் இரண்டு பிரேக்கும் விடுபடும். அதை ஆபரேஷனுக்குப் பிறகு ஏற்றாமல் முன்னாலேயே ஏற்றுவது, அப்புறம் திறந்து கட்டியை எடுத்துப் பார்ப்பது, காவல்காரர்கள் உள்ளே வந்தார்களா, வந்து என்ன செய்கிறார்கள் என்று. அதற்குத் துண்டு உயிரோடு வேண்டும். பார்மலினில் போட்டால் அதில் இருக்கிறதெல்லாம் அந்த நிமிஷமே செத்து விறைத்துவிடும்.

அதனால் முறை மாறியது. ஓரமாக ஒரு சின்னச் சீவல் மட்டும் பார்மலினுக்கு. மீதித் துண்டு முழுவதும், அதை உயிரோடு வைக்கிற ரோஸ் கலர் தண்ணீர் இருக்கிற குழாயில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, ஓட்டமாக லேபுக்குப் போக வேண்டும். எனக்குப் படிக்கத் தெரியாது என்று தேன்மொழி அந்தக் குழாயில் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தது. பக்கத்தில் நின்று, "நூலுக்குள்ள பெரிசு, பாட்டிலுக்குள்ள சிறுசு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லும். நானும் திருப்பிச் சொல்வேன். முதல் சில ஆபரேஷன் எல்லாம் சரியாகவே போனது.

அப்போதுதான் முருகானந்தம் வந்தார். கடலோரம் கட்டுமாவடி. படகு இஞ்சின் மெக்கானிக், நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது கை கொஞ்சம் தளர்ந்திருந்தது. கூட அவர் சம்சாரம் வசந்தா. ஒன்றரை வருஷம் முன்னால் எடுத்த கட்டி திரும்ப வந்திருந்தது. நானும் அதே மாவட்டம் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஆலங்குடியாண்ணே? கடலைப் பார்த்திருக்கீங்களா, இல்ல நிலக்கடலை மட்டுந்தானா?"

"ரெண்டும் பாத்திருக்கேன் தம்பி."

"அப்ப சரி. என் மண்டை இஞ்சினை ஒருதரம் எறக்கி ஏத்தியாச்சுண்ணே. மறுபடியும் ஒழுகுது."

வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இதையே சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருக்காக" என்றது.

சம்மதப் பத்திரத்தை தேன்மொழி மூன்று தடவை வாசித்துக் காட்டியது. மேடமும் கூட உட்கார்ந்திருந்தது. ரத்தம் எடுத்து வைத்த சோதனைக் குழாய்களை வாங்கிப்போக நான் நின்றிருந்தேன். முருகானந்தம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இஞ்சினைத் தெறக்குறதுக்கு முன்னாடி புது ஆயில் ஊத்தி ஓட விடுறீங்க. அப்புறம் தெறந்து, ஆயில் எம்புட்டுத் தூரம் போயிருக்குன்னு பாக்குறீங்க. அதானுங்க?"

"அதேதான்" என்றது மேடம்.

"இதுல நான் பொழைப்பனா?"

"தெரியாது முருகானந்தம். தெரியாததுனாலதான் ஆராய்ச்சி."

வசந்தா மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் வேறு ஏதாவது பதில் கிடைக்குமா என்று பார்த்த மாதிரி இருந்தது. கிடைக்கவில்லை.

முருகானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். "சரிங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லணும். என் ஒடம்பு சண்டை போட்டுச்சா, சும்மா நின்னுச்சா. அதை மட்டும் பாத்துச் சொல்லிருங்க. ஊருல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றானுவ. நான் குடிச்சேங்கறான், சாமி குத்தங்கறான். நான் ஒரு நாளு வேலைக்கு மட்டம் போட்டவன் இல்ல. என் ஒடம்பு எனக்கு மட்டம் போட்டுருச்சான்னு தெரிஞ்சாகணும்."

"துண்டு கிடைச்சதும் பார்த்து, தெரிஞ்சதை மறைக்காம சொல்றேன்" என்றது மேடம்.

மருந்து ஏற்றி, ஆபரேஷனுக்குக் காத்திருந்த மூன்று வாரம் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். மூளை வீக்கத்துக்கு ஒரு மாத்திரை உண்டு. தின்றால் தலைவலி ஓடிவிடும். ஆனால் அது காவல்காரர்களைத் தூங்க வைத்துவிடுமாம். அதனால் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்திருந்தார்கள். தாங்கவில்லை என்றால் சொல்லுங்கள், தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். அவர்தான் கேட்கவில்லை. ஈரத்துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் போனால், "என்னண்ணே, ஒங்க பஸ்ஸுல இன்னிக்காவது உக்கார எடம் கெடச்சுதா?" என்பார்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். "அந்தத் துண்டு ஒங்க கையிலதான் போகுமாம்ல. தேன்மொழியம்மா சொன்னாக. நம்ம பக்கத்து ஆளு கையில போறது எனக்குத் தெம்புண்ணே. பாத்து."

"நான் பாத்துக்கிறேன் தம்பி" என்றேன்.

மேடம் கையைத் தூக்கிவைத்துக்கொண்டு சொன்னது: "முருகானந்தம். கட்டுமாவடி. படகு மெக்கானிக்." ஆரம்பித்தார்கள். நாலு மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே வசந்தா மயங்கி விழுந்துவிட்டது என்று ஆள் வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. தேன்மொழி, "ரெண்டே நிமிஷம்ணே" என்று ஓடியது. தேன்மொழி இதை எழுதும்போது, தானும் காரணம் என்று நடுவில் ஒரு வரி சேர்க்கப் பார்க்கும். சேர்க்க வேண்டாம். போகாமல் இருந்திருந்தால்தான் தப்பு.

அந்த இரண்டு நிமிஷத்தில் துண்டு வந்தது. ட்ரேயை நீட்டிய நர்ஸ், "கருப்பையா, ஸ்பெசிமன்" என்றது. துண்டுக்கு முப்பது வருஷம் கேட்ட அதே வார்த்தை, அதே தொனி. பக்கத்தில் நின்று நூல், பாட்டில் என்று சொல்ல ஆள் இல்லை. என் கை போனது. மூடி திறந்தது, துண்டு உள்ளே விழுந்தது, மூடி இறுகியது. பார்மலின் நெடி மூக்கில் ஏறின பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் ரோஸ் தண்ணீர்க் குழாய் சிவப்பு நூலோடு அப்படியே இருந்தது. துண்டு பாட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது, முழுசாக.

அப்போது ஒரு நினைப்பு வந்ததைச் சொல்லிவிடுகிறேன். யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் தலையில் இருந்தது. எடுத்து உப்புத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, குழாயில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? எனக்கு ரிடையர் ஆக இரண்டு மாசம் இருந்தது. நல்ல பெயரோடு போகலாம். லேபில் செத்ததைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். முருகானந்தத்திடம், உன் உடம்பு சும்மா நின்றது என்று சொல்லிவிடுவார்கள். அங்கேதான் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டேன். அவர் உடம்பைப் பற்றி என் கை ஒரு பொய் சொல்ல வேண்டுமா?

"மேடம், தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

மேடம் திரும்பவில்லை. கை மட்டும் நின்றது. "என்ன?"

"முழுத் துண்டையும் பார்மலின்ல போட்டுட்டேன்."

"எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு நிமிஷம் ஆயிருக்கும்."

எதிரே நின்ற சின்ன டாக்டர் மெதுவாக, "மேடம், ஓரத்துல கட்டி இன்னும் கொஞ்சம் இருக்கு. எடுத்துட்டா சாம்பிளுக்கு ஆகும்" என்றார்.

மேடம் குரல் இறங்கியது. "அது பேச்சு இருக்கிற இடம். ஐஸ் பெட்டிக்காக நான் அதைத் தொட மாட்டேன்." அப்புறம் என் பக்கம் சொன்னது: "கருப்பையா, பாட்டிலை அப்படியே வைங்க. மணி பாத்துச் சொல்லுங்க. தேன்மொழி வந்ததும், நடந்தது நடந்தபடி எழுதச் சொல்லுங்க. தப்புன்னே எழுதணும்."

அவ்வளவுதான் திட்டு. மறுநாள் மேடம் ரூமுக்குக் கூப்பிட்டது. உட்காரச் சொன்னது. நான் உட்காரவில்லை. "எப்படி நடந்துச்சு?" என்றது. "என் கை செஞ்சிருச்சு மேடம், நான் அங்க இல்லை" என்றேன். திட்டும் என்று நினைத்தேன். அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டது. "இனிமே பார்மலின் தனி மேசையில இருக்கட்டும். அவர்கிட்ட டாக்டரா நான் சொல்லிடறேன். நீங்க பேசறதா இருந்தா அது உங்க விருப்பம்" என்றது.

மேடம் அடுத்த வாரம் அவரிடம் சொன்னது, எங்கள் பக்கத்துத் தவறால் துண்டு சரியான நிலையில் கிடைக்கவில்லை என்று. என் பெயரைச் சொல்லவில்லை. நான் அந்த வார்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாவது மாடிக்குப் போக வேண்டியிருந்தால் வார்டைத் தாண்டாமல் பின்பக்கப் படியில் ஏறினேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. இரண்டு மாசம் அப்படியே ஓடியது. மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பினார்கள். அந்தச் சால்வையை நான் பிரிக்கவே இல்லை.

வேலை முடிந்து ஊரோடு இருந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருநாள் காலையில் அறந்தாங்கி போய், அங்கிருந்து கட்டுமாவடி பஸ் பிடித்தேன். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். மீன் ஏலம் முடிந்து கூடைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். முருகானந்தம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்த இரண்டு பேரை வைது தள்ளிக்கொண்டிருந்தார். "ஏலே, அந்த போல்ட்டு ஒன் மாமியா வீட்டு ஆணியாடா? மெதுவா முறுக்கு!" வலது கை மடியில் கிடந்தது, எழவில்லை. ஆனால் பேச்சு ஒரு எழுத்துக் குறையவில்லை. கணீர் என்று இருந்தது.

என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே. ரெண்டு மாசம் லேட்டு" என்றார்.

நின்றபடியே சொன்னேன். "தம்பி, அந்தத் துண்டைக் கெடுத்தது நான்தான்."

"தெரியும்."

"மேடம் சொன்னாகளா?"

"அவுக சொல்லல. தெனம் வந்து பஸ்ஸுல எடம் கெடைக்காத கதை சொன்ன மனுசன், ஆபரேசன் முடிஞ்சதுலேர்ந்து கண்ணுல படல. இஞ்சினைக் கெடுத்த பயலுவளும் இப்படித்தான், மறுநாளு கரைப்பக்கமே வரமாட்டானுவ."

வசந்தா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டது. டீ போடவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

"பார்மலின்ல கெடந்ததை வச்சு ஏதோ பாத்தாகளாமே தம்பி?"

"பாத்தாக. மெழுகுல வச்சுச் சீவிப் பாத்தாகளாம். காவக்காரங்க கொஞ்சம் பேரு உள்ள வந்து நிக்கிறது தெரியுதாம். ஆனா உசுரோட என்ன பண்ணிக்கிட்டு இருந்தானுவன்னு சொல்ல முடியாதாம்." மடியில் கிடந்த கையை இடது கையால் நகர்த்தி வைத்தார். "வந்து நின்னா பத்தாதுண்ணே. அடிச்சானுவளா? அதைத்தானே கேட்டேன். அதுக்குத்தானே மூணு வாரம் மாத்திரை இல்லாம கெடந்தேன்."

வசந்தா வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

அப்புறம் அவரே கேட்டார். "இப்ப அந்தப் பார்மலின் பாட்டிலை என்ன பண்ணியிருக்காக?"

"தனி மேசையில வச்சிருக்காக."

"மேசை எத்தனை நாளைக்கு அங்கிட்டே நிக்கும்? தரை கூட்டுறவக நகட்டுவாக. கை மேசையைத் தேடிப் போயிரும்ணே." இடது கையால் நாற்காலிக்கு அடியில் இருந்த டப்பாவைத் துழாவி, செம்புக் கம்பி ஒரு சாண் எடுத்தார். "இந்தக் கரையில டீசல் கேனும் தண்ணிக் கேனும் ஒரே மாதிரி இருக்கும். பழக்கத்துல மாத்தி ஊத்தி எத்தனை இஞ்சின் போயிருக்கு தெரியுமா? அதனால தண்ணிக் கேன் மூடியில கம்பியைச் சுத்தி, ரெண்டு முறுக்கு விட்டு வைப்பேன். கை தெறக்கப் போகும், தெறக்காது. கை நிக்கும். கை நின்னாத்தான் புத்தி வந்து சேரும். பார்மலினுக்கும் இதைச் செய்யச் சொல்லுங்க. பிரிக்க அஞ்சு எண்ணுற நேரம் ஆகணும். அதுக்குக் கம்மியா முறுக்காதீங்க."

அந்தக் கம்பியை என் சட்டைப் பையில் அவரே வைத்தார். எழுந்தபோது சொன்னார்: "யாரு சொன்னான்னு கேட்டா என் பேரைச் சொல்லணும். ஆராய்ச்சிக் காயிதத்துல எனக்குப் பேரு இல்லையாம், நம்பர்தானாம். நம்பரு படகுக்குத்தாண்ணே போடுறது."

போன தை மாசம் அவர் தவறிவிட்டார். வசந்தாதான் போன் பண்ணிச் சொன்னது. கடைசி வாரம் வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தாராம். நான் போனேன். அன்றைக்கு டீ கொடுத்தது. இப்படி எழுதப்போகிறோம், பெயரைப் போடலாமா என்று நேற்றுக் கேட்டேன். "போடுங்க, அவுக கேட்டதுதானே" என்றது.

தேன்மொழி, கம்பியை நான் இத்தனை நாள் கொடுக்காமல் வைத்திருந்தது என் சோம்பல், என் வெட்கம். அதையும் எழுதிக்கொள். நம் லேப் பையனுடைய அப்பா ஆலங்குடி பஸ்ஸில் வருவார், அவரிடம் நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன். புது ஆட்களுக்கு நீ வாசிக்கும்போது மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. பார்மலின் மூடியில் கம்பி, இரண்டு முறுக்கு, பிரிக்க அஞ்சு எண்ண வேண்டும். அவர்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் சொல்லச் சொல். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயர் வேண்டாம். மேடம் சொல்கிற மாதிரியே சொல்லு: முருகானந்தம், கட்டுமாவடி, படகு மெக்கானிக்.